ஒரு புல்லா, இரண்டு புல்லா

மட்டாஞ்சேரி
18 ஜூன் 2001

ஸாதனா,

நலமா என்று கேட்டுத்தான் தொடங்க நினைத்தேன். உன் பாட்டிலைத் திறந்ததும் அந்த நினைப்பு போய்விட்டது. ஃபார்மலின்! ஃபார்மலினில் ஊறின இலையிலிருந்து நான் டி.என்.ஏ. எடுக்க வேண்டுமா? ஊறுகாய் மாங்காயை நட்டு மரம் வளர்க்கச் சொல்வது போல இருக்கிறது. எம்.எஸ்ஸி.யில் ஒரே பெஞ்சில்தானே உட்கார்ந்து படித்தோம்? அந்த வகுப்பில் நீ தூங்கவில்லை, எனக்கு நன்றாகத் தெரியும்.

போனில் நான் சொன்னது உன் காதில் விழுந்ததா, விழுவதற்குள் வைத்துவிட்டாயா என்று தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன். பள்ளியில் நான் படித்தது முழுக்க மலையாளத்தில்; தமிழ் வீட்டில் பேசுவதோடு சரி. "தமிழ்க்காரிக்குத் தமிழ் எழுத வராதா?" என்று ஒரு தடவை கேட்டாயே, அந்த ரோஷத்தில்தான் தமிழிலேயே எழுதுகிறேன். பிழை இருந்தால் சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பாதே.

விஷயம் இதுதான். இடக்கொச்சிக் காயலில் நாம் இரண்டு பேரும் இடுப்பளவுச் சேற்றுத் தண்ணீரில் நின்று பறித்த சின்ன இலைக் கடற்புல்லுக்கு, புது இனம் என்று சொல்லி நீ 'கொச்சியென்சிஸ்' எனப் பெயர் வைத்தாய். "உலகத்தில் வேறெங்கும் இல்லாத புல்" என்ற அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அங்குள்ள மீன்பிடிக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள், காயலில் மண் கொட்டத் தடை வாங்கினார்கள். படகுத்துறை கட்ட வந்த கம்பெனி சும்மா இருக்குமா? "இது புது இனமே இல்லை. தமிழ்நாட்டுக் கரையில் படர்ந்து கிடக்கிற ஓவாலிஸ் இனம்தான், காயலில் சவலையாக வளர்ந்திருக்கிறது" என்கிறார்கள். கோர்ட் ஒரு குழு போட்டது. குழு எங்கள் லேபிடம் டி.என்.ஏ. பார்த்துச் சொல்லச் சொன்னது. லேபில் கடற்புல்லைத் தொட்டுப் பழகிய ஆள் நான் ஒருத்திதான். நானாகக் கேட்டு வாங்கவில்லை.

உன் தொண்டிக் கடலிலிருந்து ஓவாலிஸ் இலை வேண்டும். பச்சையாகப் பறித்து, துடைத்து, சிலிக்கா ஜெல்லில் உலர்த்தி அனுப்பு. இடக்கொச்சி இலையை நானே போய்ப் பறித்துக்கொள்கிறேன். ஃபார்மலின் மட்டும் வேண்டாம்.

ரஜிதா


தொண்டி
9 ஜூலை 2001

அன்புள்ள ரஜி,

இத்துடன் நீ கேட்ட இலைகள். தபால் ஆபீஸில் பொட்டலத்தைக் குலுக்கிப் பார்த்துவிட்டு, "இது என்னம்மா நறநறங்குது? வெடிக்கிற சாமானா?" என்று கேட்டார்கள். கடற்புல் என்று சொன்னேன். புல்லை எதற்குத் தபாலில் அனுப்ப வேண்டும் என்று வரிசையில் நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஃபார்மலின் பாட்டிலை ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்கிக்கொண்ட அதே மனிதர்கள்.

உங்கள் ஊரில் எத்தனையோ லேப், எத்தனையோ பேர். என் புல்லைச் சோதிக்க நீதானா கிடைத்தாய்? "எனக்கும் அவளுக்கும் ஏற்கெனவே மனஸ்தாபம், வேறு யாரையாவது போடுங்கள்" என்று சொல்லியிருக்கலாம். நீ சொல்லவில்லை. அது ஏன் என்று நான் யோசிக்காமல் இருக்க முடியுமா?

ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். ஓவாலிஸ் இலையில் நடு நரம்பிலிருந்து விளிம்புக்கு ஓடும் குறுக்கு நரம்புகள் ஒரு பக்கத்துக்குப் பத்துக்கு மேல் இருக்கும். இடக்கொச்சி இலையில் எட்டைத் தாண்டி நான் பார்த்ததே இல்லை. லென்ஸுக்கு அடியில் எண்ணி எண்ணிக் கண் பூத்துப்போனது எனக்கு. கட்டுரையை என்னோடு எழுதிய விஸ்வேஸ்வரன் சார் ஒவ்வொன்றையும் சரிபார்த்தார். கண்ணால் பார்த்து எண்ணியதை, கண்ணுக்குத் தெரியாத ஒன்றை வைத்து நீங்கள் இல்லை என்று சொல்வீர்களோ?

நான் இன்னும் இங்கே தற்காலிக வேலையில்தான் இருக்கிறேன். இந்த ஆய்வு நிலையத்துக்கு யார் வந்தாலும், "அந்தப் புல்லைக் கண்டுபிடித்த பெண் இவள்தான்" என்றுதான் அறிமுகப்படுத்துகிறார்கள். அதை மனதில் வைத்துக்கொண்டு கவனமாகச் செய்.

ஸாதனா


மட்டாஞ்சேரி
27 செப்டம்பர் 2001

ஸாதனா,

கவனமாகச் செய் என்று எழுதியிருந்தாய். எப்படிச் செய்தேன் என்று கேள்.

இலையை அரைக்கத் திரவ நைட்ரஜன் வேண்டும். ஏலூரிலிருந்து வர வேண்டும். முதல் நாள் ஹர்த்தால். அடுத்த முறை வண்டி கிடைத்தது. பாலத்தில் நெரிசலில் மாட்டி லேபுக்கு வந்தபோது கேனில் பாதி ஆவியாகிவிட்டது. மீதியை வைத்து அரைத்து, ஃப்ரீசரில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். கரண்ட் போய், ஜெனரேட்டர் ஓடாமல், எல்லாம் குழகுழத்துவிட்டது. மறுபடி காயலில் இறங்கினேன். மறுபடி அரைத்தேன். கடற்புல்லில் இருக்கிற வழவழப்பு டி.என்.ஏ.யோடு ஒட்டிக்கொண்டு வந்து வேலையைக் கெடுத்தது. அதையும் கழுவி ஒருவழியாக்கி, பெங்களூருக்கு அனுப்பி டி.என்.ஏ.யின் எழுத்து வரிசையைப் படிக்க வைத்தேன்.

வந்தது. இரண்டு புல்லுக்கும் சம்பந்தமே இல்லை. ஒன்றுக்கொன்று இவ்வளவு தூரமா என்று எனக்கே சந்தோஷமாகிவிட்டது. ஆமாம், சந்தோஷம்தான். உன் புல் பிழைத்தது என்று நினைத்தேன். அப்புறம் சந்தேகம் வந்து வேறு வரிசைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். தொண்டியிலிருந்து நீ அனுப்பியது என்று நான் படிக்க வைத்தது புல்லே இல்லை. பாசி! உன் இலையின் மேல் ஒட்டியிருந்த பாசி!

துடைத்து அனுப்பு என்று எழுதினேனா இல்லையா? தெளிவான தமிழில்தானே எழுதினேன்?

இளசான இலையாக, ஒவ்வொன்றாகத் துடைத்து அனுப்பு. குழுவிலிருந்து தினமும் போன். எங்கள் சார் என்னைப் பார்த்தாலே நெற்றியைத் தடவுகிறார்.

ரஜிதா


தொண்டி
15 அக்டோபர் 2001

ரஜி,

துடைத்தேன். பஞ்சால் துடைத்தேன், தூரிகையால் துடைத்தேன், பிறகு கடல்நீரை வடிகட்டி அதில் அலசினேன். என் முகத்தைக்கூட நான் இத்தனை சிரத்தையாகத் துடைத்ததில்லை. இந்த முறையும் பாசி என்று வந்தால் அது உன் கைவண்ணம்.

பாசிக்கும் புல்லுக்கும் வித்தியாசம் தெரியாமல் பெங்களூர் வரை அனுப்பிவைத்த ஒரு முறையை நம்பித்தான் கோர்ட் தீர்ப்புச் சொல்லப் போகிறது. லென்ஸ் ஒருநாளும் இந்தக் கூத்தை அடித்ததில்லை என்பதை மட்டும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஸாதனா


மட்டாஞ்சேரி
21 ஜனவரி 2002

ஸாதனா,

இதை இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன்.

இரண்டும் ஒன்று.

தொண்டியில் நீ பறித்த இலையும் இடக்கொச்சியில் நான் பறித்த இலையும் ஒரே இனம். இனத்துக்கு இனம் மாறும் என்று எல்லோரும் பார்க்கிற அந்த டி.என்.ஏ. துண்டை முழுக்கப் படித்தாயிற்று. ஓர் எழுத்துகூட மாறவில்லை. நிஜமாகவே வேறான இன்னொரு கடற்புல்லையும் கூட வைத்துப் பார்த்தேன். அது வேறென்று பளிச்சென்று காட்டியது. அதனால் முறை கெட்டுப்போனது என்று சொல்ல வழியில்லை.

உன் மேல் உள்ள கோபம் என் கையைத் திருப்பிவிட்டதோ என்று எனக்கே பயம். அதனால் லேபில் ஷைலஜாவிடம் குழாய்களைக் கொடுத்து, எது எந்த ஊர் என்று எனக்குத் தெரியாதபடி எண் போடச் சொன்னேன். இன்னொரு தடவை முதலிலிருந்து செய்தேன். அப்புறம் இடக்கொச்சியிலேயே வேறு மூலையில் பறித்து வந்து மறுபடி செய்தேன். ஷைலஜா, "எடீ, நினக்கு வேற பணியில்லே?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஒவ்வொரு தடவையும் அதுதான் வந்தது.

நரம்பை நீ தப்பாக எண்ணினாய் என்று நான் சொல்லவில்லை. எட்டுதான் இருக்கிறது, நானும் எண்ணினேன். எட்டு இருப்பதால் அது வேறு இனம் ஆகவில்லை, அவ்வளவுதான்.

குழுவுக்கு அறிக்கை இன்னும் கொடுக்கவில்லை. உனக்கு முதலில் தெரிய வேண்டும் என்று எழுதினேன்.

ரஜிதா


தொண்டி
4 பிப்ரவரி 2002

ரஜிதா,

திருப்திதானே?

கட்டுரையில் உன் பெயர் நன்றி சொல்லும் இடத்தில் மட்டும் வந்தது என்பதற்காக, ஒரு காயலையே மண் மூட விடுவாய் என்று நான் நினைக்கவில்லை. கோபம் கையைத் திருப்பியதோ என்று பயமாம். அந்தப் பயம் வந்ததிலிருந்தே தெரிகிறதே.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். "தெளிவாகச் சொல்ல முடியவில்லை" என்று எழுது. அது பொய்கூட இல்லை. எந்த விஞ்ஞானியும் எதைப் பற்றியும் அப்படி எழுதலாம். தடை நீடிக்கும். நண்டும் கரிமீனும் அங்கே குஞ்சு பொரித்துக்கொண்டிருக்கும். உனக்கு என்ன நஷ்டம்?

ஸாதனா


மட்டாஞ்சேரி
11 மார்ச் 2002

ஸாதனா,

அறிக்கையைக் கொடுத்துவிட்டேன். உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தேன். தெளிவாக இருப்பதைத் தெளிவாக இல்லை என்று எழுதினால் நாளைக்கு நான் எழுதுகிற எதை யார் நம்புவார்கள்? நகராட்சியில் தெருக் கூட்டுகிறவளின் மகள் லேபுக்குள் வந்து நிற்கிறேன். என் பேப்பரை மட்டும் எல்லோரும் இரண்டு தடவை புரட்டிப் பார்க்கிறார்கள். உன் பேப்பரை அப்படி யாராவது பார்த்தார்களா? பார்த்திருந்தால் அன்றைக்கே கேட்டிருப்பார்கள்.

நீ நினைப்பது போல நான் ஜெயித்து உட்கார்ந்திருக்கவில்லை. இங்கே நடந்த கூத்தைக் கேள். போன வாரம் நான் லேபில் இருந்தபோது கம்பெனி மேனேஜர் எங்கள் சந்துக்கு வந்து, ஒரு பெரிய பெட்டி கோழிக்கோட்டு அல்வாவை அம்மா கையில் கொடுத்திருக்கிறார். "மோளுடெ உபகாரத்தினு" என்றாராம், மகள் செய்த உதவிக்காக. நல்ல சட்டை, நல்ல பேச்சு. என் அம்மா முனியாயி அதைக் கல்யாணக் காரியம் என்று நினைத்துக்கொண்டாள்! மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்த இனிப்பு என்று சந்து முழுக்கப் பங்கு வைத்துவிட்டாள். நான் வந்து கத்தினேன்.

"எனக்கெப்படி மோளே தெரியும்? இந்த வயசுல உன்னத் தேடி ஒரு ஆளு பொட்டியோட வந்தா நான் என்னன்னு நெனக்கிறது?"

"கம்பெனிக்காரன் அம்மா அவன்! காயல மண்ணு போட்டு மூடறவன்!"

"அதுக்கென்ன, பாக்க நல்லாத்தான் இருந்தான்."

மீதி இருந்ததைப் பெட்டியோடு கொண்டுபோய் அவர்கள் ஆபீஸ் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். இப்போது தெருவில் போக முடியவில்லை. வீட்டுக்கு வீடு, "ரஜிதே, கல்யாணம் எந்நா?" என்று நாள் கேட்கிறார்கள். நீ துரோகி என்கிறாய், கம்பெனிக்காரன் உபகாரி என்கிறான், சந்துக்காரர்கள் மணப்பெண் என்கிறார்கள். இலையை அரைத்ததைத் தவிர நான் எதுவுமே செய்யவில்லை!

எனக்குப் புரியாதது ஒன்றுதான். பெயர் போனால் புல் போக வேண்டுமா? அது உலகத்தில் ஒன்றே ஒன்று என்றால்தான் விட்டுவைப்பார்களா? நீயும் அப்படித்தான் நினைக்கிறாயா?

அண்ணன் ஷிபு மீன் வண்டியோடு ராமநாதபுரம் பக்கம் வருகிறான். இடக்கொச்சிப் புல்லை வேரோடு, சேற்றோடு பெட்டியில் வைத்துக் கொடுத்தனுப்புகிறேன். உன் தொட்டியில் நட்டு வளர்த்துப் பார். என்னை நம்பாதே, என் டி.என்.ஏ.யை நம்பாதே. உன் லென்ஸை நம்புவாய்தானே?

ரஜிதா


தொண்டி
24 ஜூன் 2002

ரஜி,

உன் அண்ணன் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, "இத்தர தூரம் புல்லு கொண்டுவந்த ஆளு நான் ஒருத்தன்தான் இருப்பேன். செத்துப்போச்சுன்னா என்னைச் சொல்லாதீங்க சேச்சி" என்றார். சாகவில்லை. சொல்லப்போனால், செத்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

நல்ல கடல்நீர் விட்ட தொட்டியில் நட்டேன். பழைய இலைகள் எல்லாம் உதிர்ந்தன. புது இலைகள் வந்தன. அகலமாக வந்தன. அதற்கடுத்து வந்தவை இன்னும் அகலம். லென்ஸை எடுத்தேன். பன்னிரண்டு நரம்பு. வேறு இலை, பதினாலு. தொட்டி மாறிவிட்டதோ என்று சந்தேகப்பட்டு, காவல்காரர் நாணுவிடம் விசாரணையே நடத்தினேன். பாவம், தொட்டியில் புல் இருப்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. எதுவும் மாறவில்லை. உப்புக் குறைந்த கலங்கல் தண்ணீரில் குறுகி வளர்ந்த இலை, நல்ல தண்ணீர் கண்டதும் தன் இஷ்டத்துக்கு விரிந்துவிட்டது. நான் வருஷக்கணக்கில் எண்ணிக்கொண்டிருந்தது இனத்தை அல்ல, இடக்கொச்சித் தண்ணீரை.

என்ன எரிச்சல் தெரியுமா? நீ சொன்னது சரி என்பதில்கூட இல்லை. மூன்று தொட்டியும் ஒரு பருவமும் போதும் இதைத் தெரிந்துகொள்ள. எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்றும் செய்தேன், வீம்புக்குத்தான். தொண்டிப் புல்லை உப்புக் குறைந்த தண்ணீரில் நட்டேன். அழுகிப்போயிற்று. மறுபடி நட்டேன், மறுபடி அழுகிற்று. அதே தண்ணீரில் பக்கத்தில் நட்ட இடக்கொச்சிப் புல் கொழுத்து நிற்கிறது. இனம் ஒன்றுதான். ஆனால் இங்கே உள்ளவை தாங்காததை அவை தாங்குகின்றன. உன் எழுத்து வரிசையில் அது தெரியாது என்று நினைக்கிறேன். தவறென்றால் திருத்து.

'கொச்சியென்சிஸ்' என்ற பெயரைத் திரும்பப் பெறுவதாக நானே பத்திரிகைக்கு எழுதிவிட்டேன். விஸ்வேஸ்வரன் சார் போனில், "உனக்குப் பைத்தியமா? ஊரெல்லாம் நம்மைப் பார்த்துச் சிரிக்கும்" என்று கத்தினார். அவர் அவ்வளவு சத்தம் போட்டதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். கட்டுரை எழுதிய சமயம் உன் பெயரைச் சேர்ப்பதைப் பற்றி அவரிடம் கேட்டேன், வேண்டாம் என்றார், நான் மறுபடி கேட்கவில்லை. கத்துவார் என்று பயந்தேன். இவ்வளவுதானா கத்தல் என்று இப்போது தோன்றுகிறது.

தொட்டியில் கண்டதை எல்லாம் குழுவுக்கும் அனுப்பிவிட்டேன். உன் கேள்விக்குப் பதில்: இல்லை, நான் அப்படி நினைக்கவில்லை. ஆனால் கோர்ட் அப்படித்தானே நினைக்கிறது?

ஸாதனா


மட்டாஞ்சேரி
19 செப்டம்பர் 2002

ஸாதனா,

குழு கூடியது. வில்லிங்டன் தீவில், துறைமுக ஆபீஸ் பக்கத்தில் ஒரு ஹாலில். தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. காதில் கொஞ்சம் மந்தம். கம்பெனி வக்கீல் என்னைத் தன் வீட்டுப் பெண் போலப் பார்த்துச் சிரித்தார். மீன்பிடிக்காரர்கள் பின்னால் நின்றார்கள், ஒருத்தரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

தலைவர் கேட்டார்: "அப்போ இது சாதாரண புல்லாணு, அல்லே?"

"அதே சார். சாதாரண புல்லு."

வக்கீல் ஃபைலை மூடிவிட்டார். நான் உட்காரவில்லை.

"சார், நான் முடிக்கலே. இனம் சாதாரணம். பக்ஷே இந்தக் காயல் தண்ணியில இந்தப் புல்லு மாத்திரமே நிக்கும். தமிழ்நாட்டுல இருந்து அதே இனத்தக் கொண்டுவந்து நட்டா அழுகிப்போகும். இத மூடினா, அப்புறம் நட இங்க புல்லு கிடையாது."

மலையாளத்தில்தான் தொடங்கினேன், பதற்றத்தில் பாதி தமிழாகிவிட்டது. தலைவர் காதுக்குப் பின்னால் கையை வைத்து, "ஆரு பறஞ்ஞு?" என்றார். யார் சொன்னது என்று கேட்கிறார்.

"ஸாதனா சொன்னா சார். பெயர் வெச்சதும் அவதான், வேண்டான்னு எடுத்ததும் அவதான். அவ தொட்டியில வளத்துப் பாத்துட்டா."

உன் அறிக்கையை அங்கேயே உரக்கப் படித்தார்கள். வக்கீல் எழுந்து, "இவங்க ரெண்டு பேரும் தோழிகள்" என்றார். எனக்கு வந்த கோபத்தில், "தோழியா? ஒரு வருஷமா சண்டை சார், கடிதம் எல்லாம் இருக்கு, கொண்டுவரட்டுமா?" என்று கேட்டுவிட்டேன். பின்னால் நின்ற மீன்பிடிக்காரர்கள் சிரித்தார்கள். தலைவருக்கு மட்டும் கேட்கவில்லை; பக்கத்தில் இருந்தவர் காதில் சொல்ல, அவரும் சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான் வினை. உத்தரவைக் கேள். புல் உள்ள இடத்தில் ஒரு வருஷம் மண் கொட்டக் கூடாது. படகுத்துறையை வடக்கே தள்ள முடியுமா என்று கம்பெனி பார்க்க வேண்டும். அந்த ஒரு வருஷமும் புல்லை ஆராய்ந்து அறிக்கை கொடுக்க வேண்டியது நாம் இரண்டு பேர். ஒரே அறிக்கை. இரண்டு கையெழுத்தும் இருந்தால்தான் செல்லும். தனித்தனியாகக் கொடுத்தால் வாங்க மாட்டார்களாம். என் உயிரை வாங்கத்தான் இந்தத் தடையா?

ஒரு வருஷம்தான். அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

ரஜிதா


தொண்டி
7 அக்டோபர் 2002

ரஜி,

உத்தரவு நகல் எனக்கும் வந்தது. "இரு நிபுணர்களும் ஒருமித்த கருத்துடன்" என்று போட்டிருக்கிறார்கள். நம்மைப் பற்றி ஒன்றுமே விசாரிக்காமல் எழுதியிருப்பது தெரிகிறது.

சில நிபந்தனைகள். இலை பறிப்பது நான், அரைப்பது நீ. ஹர்த்தால் நாளில் என்னைக் குறை சொல்லக் கூடாது. காயலில் வள்ளத்துக்குத் துடுப்புப் போட ஆள் வைத்துக்கொள்வோம். நீ துடுப்புப் போட்டு நான் ஒருமுறை விழுந்தது போதும். என் அம்மா அம்மிணியிடம் நீ என் வேலையைக் கெடுத்தாய் என்று சொல்லிவைத்திருந்தேன், இனி அதை எப்படி மாற்றிச் சொல்வது என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டில் கொஞ்சம் உப்புக் கூடுதலாக இருக்கும். சாப்பிட்டுவிடு.

இங்கே வேலையை நீட்டிக்கவில்லை. பெயரைத் திரும்பப் பெற்றதும் காரணமாக இருக்கலாம், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. தொட்டிகளைக் காலி செய்யும்போது நாணு, "புல்லை என்ன செய்ய?" என்றார். உங்கள் காயல் புல்லைச் சேற்றோடு எடுத்து வைத்திருக்கிறேன். அது என்னோடு ரயிலில் வருகிறது. டிக்கெட் பரிசோதகரிடம் என்ன சொல்வது என்று இப்போதே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை புறப்பட்டு, பாலக்காட்டில் வண்டி மாறி, சனிக்கிழமை காலையில் எர்ணாகுளம் வருகிறேன். ஸ்டேஷனுக்கு நீ வர வேண்டாம். அங்கேயே சண்டை தொடங்கிவிடும். வருவதாக இருந்தால் நேரத்துக்கு வந்து தொலை. பெட்டி கனக்கும், தண்ணீர் தளும்பும், நான் ஒருத்தியாகத் தூக்க முடியாது.

ஸாதனா